விக்கிப்பீடியால எங்க கம்பெனி பக்கம் ஏன் நிக்க மாட்டேங்குது, போட்டோவையும் ஏன் தூக்கிட்டாங்க?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் முதல்ல திருப்பி சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பண்ருட்டில உங்க அப்பா ஆரம்பிச்ச முந்திரி கம்பெனி, இப்ப நீங்க பாத்துக்கறீங்க, கடலூர் மஞ்சக்குப்பத்துல ஆபீஸ். ஆங்கில விக்கிப்பீடியால ஒண்ணு, தமிழ் விக்கிப்பீடியால ஒண்ணுன்னு கட்டுரை போட்டீங்க, ரெண்டும் போச்சு. கூடவே ஏத்தின லோகோ, ஃபாக்டரி போட்டோ, பாக்கெட் போட்டோ எல்லாத்தையும் "எங்கயும் பயன்படலை, விளம்பரம்"னு சொல்லி வரிசையா எடுத்துட்டாங்க. இப்ப யாரோ ஒருத்தர் வாட்ஸப்ல வந்து "நான் போட்டுத் தரேன், கட்டாயம் நிக்கும், பாதி பணம் முன்னாடியே குடுங்க"ங்கறார். நீங்க கேட்டது "ஏன் டெலீட் பண்ணாங்க"ன்னு ஒரே வரி, ஆனா உள்ள இருக்கற ஆதங்கம் வேற மாதிரி தெரியுது: "நாங்க ஒரு பொய்கூட எழுதலையே, உள்ளதைத்தானே எழுதினோம், அதுக்கு ஏன் இந்த மரியாதை?" அதுக்குத்தான் பதில் சொல்லணும்.

நான் புதுச்சேரில ஒரு காலேஜ்ல லைப்ரரியன், படிச்சதும் அதுதான், விக்கிப்பீடியால பல வருஷமா எழுதறேன், கம்பெனி கட்டுரைங்களை நீக்கலாமா வேணாமான்னு நடக்கற உரையாடல்கள்லயும் அடிக்கடி உக்காந்திருக்கேன். ஆனா நான் நிர்வாகி இல்ல. நீக்கின பக்கத்தோட பழைய வடிவத்தை நிர்வாகிங்க மட்டும்தான் திறந்து பாக்க முடியும், அதனால நீங்க கேள்வில ஒட்டியிருக்கற வாசகத்தையும் பேப்பர் கட்டிங் பட்டியலையும் வெச்சுத்தான் பேசறேன்.

முதல் விஷயம், இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். விக்கிப்பீடியா உங்க கம்பெனி நல்ல கம்பெனியான்னு கேக்கவே இல்ல. நீங்க எழுதினது உண்மையாங்கறதுகூட ரெண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, உங்களுக்கும் உங்க பணத்துக்கும் சம்பந்தமே இல்லாத யாராவது, அவங்களுக்கா தோணி, உங்களைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்களா? பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை எப்படின்னு மாப்பிள்ளையோட அப்பாகிட்டயா விசாரிப்போம், அந்தத் தெருவுல நாலு வீட்டுல விசாரிப்போம் இல்லையா, அதேதான். மாப்பிள்ளையோட அப்பா சொல்றது முழுக்க உண்மையாவே இருக்கலாம், ஆனாலும் அவர்கிட்ட விசாரிச்சா அதுக்குப் பேர் விசாரணை இல்ல.

இதை அங்க குறிப்பிடத்தக்கமைன்னு சொல்லுவாங்க. கம்பெனிகளுக்கு ஆங்கில விக்கிப்பீடியால இதுக்குன்னே தனி விதி இருக்கு, 2018ல அதை இன்னும் இறுக்கிட்டாங்க. ஒரு ஆதாரம் கணக்குல வரணும்னா அது உங்களுக்கு வெளிய இருந்து வரணும், நம்பகமான இடத்துல வரணும், நீங்க சொன்னதை அப்படியே ஒப்பிக்காம எழுதினவர் தானா ஆராய்ஞ்சு எழுதியிருக்கணும், கம்பெனியைப் பத்தி ரெண்டு வரி இல்லாம விரிவா இருக்கணும். இந்த நாலும் ஒரே ஆதாரத்துல சேந்து இருக்கணும், அப்படிப்பட்ட ஆதாரம் ஒண்ணுக்கு மேல வேணும். ஒண்ணுல ரெண்டு இருக்கு இன்னொண்ணுல ரெண்டு இருக்கு, கூட்டினா நாலுன்னு போட முடியாது, நிறைய பேர் சறுக்கறது இங்கதான். ஒரு பழைய கோயிலுக்கோ ஒரு மீன் வகைக்கோ இவ்வளவு கெடுபிடி கிடையாது, கம்பெனிக்கு மட்டும் ஏன்னா, கோயிலைப் பத்தி எழுதறவருக்கு அதனால பிசினஸ் கூடாது, கம்பெனியைப் பத்தி எழுதறவருக்குக் கூடும். ஆசை எங்க இருக்கோ அங்க பூட்டு பெருசா இருக்கு, அவ்வளவுதான்.

இப்ப உங்க கட்டிங்குங்களுக்கு வரேன், ஏன்னா "இத்தனை ஆதாரம் குடுத்தும்"னு நீங்க சொல்றது இதைத்தான். தீபாவளி சப்ளிமெண்ட்ல அரைப்பக்கம் வந்ததை முதல்ல போட்டிருக்கீங்க. அந்தப் பக்கத்தோட மேல் மூலையில பொடி எழுத்துல "விளம்பரச் சிறப்பிதழ்"னு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதோட அது முடிஞ்சு போச்சு, காசு குடுத்து வாங்கின இடம். அடுத்தது புது யூனிட் திறப்பு விழா, மூணு பேப்பர்ல. மூணையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாருங்க, "நவீன இயந்திரங்களுடன் கூடிய", "300 பெண்களுக்கு வேலைவாய்ப்பு", கடைசில எம்.எல்.ஏ. குத்துவிளக்கு ஏத்தினார், வரிக்கு வரி ஒண்ணா இருக்கு. நீங்க அனுப்பின பிரஸ் நோட்டை மூணு டெஸ்க்லயும் அப்படியே போட்டிருக்காங்க, அது மூணு ஆதாரம் இல்ல, நீங்களே மூணு தடவை பேசின மாதிரி ஆயிடுது. தொழில்முனைவோர் விருதுன்னு ஒண்ணு, நாமினேஷன் ஃபீஸ் கட்டி வாங்கற வகை, மேடைல மொமெண்டோ வாங்கற போட்டோவோட வந்த செய்தி. இந்தியாமார்ட் லிஸ்டிங் நீங்களே ரெஜிஸ்டர் பண்றது. யூடியூபர் ஃபாக்டரி டூர் வீடியோல டிஸ்கிரிப்ஷன்லயே பிசினஸ் ப்ரொமோஷனுக்குக் கூப்பிடுங்கன்னு நம்பர் இருக்கு.

உங்க பட்டியல்ல எனக்கு உண்மையிலேயே பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப முந்திரித் தோப்பெல்லாம் வேரோட சாஞ்சதைப் பத்தி வந்த செய்திக்கட்டுரை, அதுல உங்க அப்பா பேட்டி. யாரும் காசு குடுக்காம, நிருபர் அவரா வந்து கேட்டு எழுதினது. ஆனா அந்தக் கட்டுரை புயலைப் பத்தி, மரம் போனா மறுபடி காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும்ங்கறதைப் பத்தி. உங்க கம்பெனி அதுல ரெண்டு வரி. அந்தச் செய்தியை வெச்சு தானே புயல் கட்டுரைல ஒரு பத்தி தாராளமா எழுதலாம், கம்பெனிக்குன்னு ஒரு பக்கம் எழுத முடியாது. ஆங்கில விக்கிப்பீடியால இந்தியச் செய்தி நிறுவனங்களைப் பத்தியே தனியா ஒரு எச்சரிக்கை எழுதி வெச்சிருக்காங்க, காசு வாங்கிட்டு செய்தி மாதிரியே போடற பழக்கம் இங்க பரவலா இருக்கு, பாத்து எடுத்துக்கோங்கன்னு. நம்மூர் பேப்பர் படிக்கிற யாருக்கும் அது புது விஷயம் இல்ல, கேக்க கொஞ்சம் சங்கடமா இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து எழுத்து நடை. நீங்க ஒட்டினதுல முதல் வாக்கியம் இது: "வாடிக்கையாளர் திருப்தியையே உயிர்மூச்சாகக் கொண்டு 1987-ல் பண்ருட்டியில் தொடங்கப்பட்டு, இன்று தரத்திற்கு மறுபெயராக விளங்கும் தென்னிந்தியாவின் முன்னணி முந்திரி ஏற்றுமதி நிறுவனம்." இதை ஒரு எடிட்டர் எப்படிப் படிப்பார்னு சொல்றேன். உயிர்மூச்சு, அதை எடு. தரத்திற்கு மறுபெயர், யார் சொன்னது, எடு. முன்னணி, எந்தக் கணக்குல, டன்னுலயா ரூபாயிலயா, ஆதாரம் இல்ல, எடு. ஏற்றுமதி, எந்த நாட்டுக்குன்னு கீழ இருக்கா, இல்ல, தள்ளி வை. மிச்சம் "1987ல் பண்ருட்டியில் தொடங்கிய முந்திரி பதப்படுத்தும் நிறுவனம்". இந்த 1987க்கு ஆதாரம் என்னன்னு பாத்தா உங்க வெப்சைட்டோட "எங்களைப் பற்றி" பக்கம். அப்ப கட்டுரைல உறுதியா நிக்கறது ஒரு ஊர்ப் பேரும் ஒரு தொழில் பேரும்தான். இதே பாணில ஏழு பத்தி இருந்தா, அதைத் திருத்தறதுன்னா புதுசா எழுதறதுதான்னு ஆயிடும். "அடிப்படையிலேர்ந்து திரும்ப எழுதினாத்தான் கலைக்களஞ்சியம் ஆகும்"ங்கற அளவுக்கு விளம்பரமா இருந்தா விவாதமே இல்லாம உடனடியா நீக்கலாம்னு ஆங்கிலத்துல ஒரு விதி இருக்கு, உங்களுக்கு வந்த மெசேஜ்ல ஜி11னு ஒரு குறி இருந்ததே, அது இதுதான். ஏ7னு இன்னொண்ணு உண்டு, இந்தக் கம்பெனி ஏன் முக்கியம்னு கட்டுரைல ஒரு வார்த்தைகூட இல்லைன்னா அது. ரெண்டுலயும் சிக்காததை உரையாடலுக்குப் போடுவாங்க, வழக்கமா ஏழு நாள், அங்க தலை எண்ணி முடிவு பண்றதில்ல, வாதத்தைப் பாத்துத்தான் முடிக்கறாங்க. அதனால ஆபீஸ் ஸ்டாஃப் பத்து பேரை அக்கவுண்ட் திறக்க வெச்சு "வைத்துக்கொள்ளவும்"னு எழுத வெச்சா பிரயோஜனம் இல்ல, இருக்கற நல்ல பேரும் கெடும்.

தமிழ் விக்கிப்பீடியால அடிப்படை இதேதான், ஆனா ஆளுங்க ரொம்பக் கம்மி, 2003லேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் அவங்கவங்க வேலைக்கு நடுவுல இழுத்துட்டு வருது. அதனால சில சமயம் ஒரு விளம்பரக் கட்டுரை யார் கண்ணுலயும் படாம மாசக்கணக்கா கிடக்கும், சில சமயம் போட்ட பத்தாவது நிமிஷம் போயிடும். "பக்கத்து கம்பெனிக்கு இருக்கே, எங்களுக்கு மட்டும் ஏன்"னு கேட்டிருக்கீங்க, பெரும்பாலும் விடை இதுதான், அதை இன்னும் யாரும் பாக்கலை. பாத்தா அதுவும் போகலாம். இல்லைன்னா அவங்களுக்கு உண்மையாவே ஆதாரம் இருக்கலாம். நெய்வேலி என்.எல்.சி.யை எடுத்துக்கோங்க, 1956ல ஆரம்பிச்சது, நிலம் எடுத்தது, ஊர்களைக் காலி பண்ணது, பார்லிமெண்ட்ல கேள்வி, தணிக்கை அறிக்கை, கோர்ட் தீர்ப்பு, பத்திரிகைல திட்டி எழுதினது, பாராட்டி எழுதினது எல்லாம் குவிஞ்சு கிடக்கு. அந்தக் கட்டுரையை எழுத என்.எல்.சி.கிட்ட ஒரு வார்த்தைகூட கேக்க வேணாம். அதுதான் சோதனை, கம்பெனிகிட்ட எதையும் கேக்காம, கம்பெனி வெப்சைட்டைத் திறக்காம, ஒரு வெளியாள் ஒரு பக்கம் எழுத முடியுமா?

அந்த வாட்ஸப் ஆளைப் பத்திக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். அவர் யார்னு எனக்குத் தெரியாது, அவரைக் குத்தம் சொல்லலை. ஆனா உங்க கட்டுரை நிராகரிக்கப்பட்ட உடனே அவர் எப்படி உங்களைக் கண்டுபிடிச்சார்னு யோசிங்க. நிராகரிச்ச வரைவுகளோட (கட்டுரையா ஏத்துக்கறதுக்கு முன்னாடி பரிசீலனைக்குப் போடற பக்கங்களோட) பட்டியல் அங்க எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் இருக்கு, அதைப் பாத்து கம்பெனி கம்பெனியா போன் போடறது பழைய தொழில். 2015 ஆகஸ்ட் கடைசில ஆங்கில விக்கிப்பீடியால ஒரு பெரிய கும்பலைப் பிடிச்சாங்க, ஆரஞ்ச்மூடின்னு அந்த விவகாரத்துக்குப் பேரு, 381 போலி அக்கவுண்டை முடக்கினாங்க, 210 கட்டுரையைத் தூக்கினாங்க. அவங்க பண்ணது அப்படியே இதுதான், நிராகரிச்ச வரைவைப் பாக்கறது, அந்தக் கம்பெனியையோ ஆளையோ தொடர்பு கொள்றது, காசு வாங்கிட்டுப் போடறது, சில பேர்கிட்ட அப்புறமும் "பாதுகாக்க" மாசாமாசம் கேட்டது. காசு குடுத்தவங்க கட்டுரையும்தான் போச்சு. 2014 ஜூன்லேர்ந்து விக்கிப்பீடியாவை நடத்தற விக்கிமீடியா அறக்கட்டளையோட பயன்பாட்டு விதிலயே இருக்கு, காசு வாங்கிட்டு எழுதினா யார்கிட்ட வாங்கினேன், எந்தக் கம்பெனிக்காகன்னு வெளிப்படையா சொல்லணும். உங்க ஆள்கிட்ட "உங்க யூசர் பேர் என்ன, உங்க பக்கத்துல எங்க கம்பெனிகிட்ட காசு வாங்கினதை எழுதுவீங்களா"ன்னு கேளுங்க. சொல்ல மாட்டேன்னார்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க. "நான் அட்மின், உள்ள ஆள் இருக்கு"ன்னார்னா பேச்சையே நிறுத்திடுங்க, கட்டுரை நிக்கறதுக்கு காசு வாங்கற நிர்வாகி பதவில இருக்க முடியாது, ஒரு ஆள் "கட்டாயம் நிக்கும்"னு உத்தரவாதம் தர்ற அமைப்பும் அது இல்ல.

உங்களுக்கும் அந்த வெளிப்படைத்தன்மை விதி பொருந்தும். உங்க யூசர் பேரே கம்பெனி பேரா இருந்தது, ஆங்கிலத்துல அது ஒண்ணே முடக்கறதுக்குப் போதும், அக்கவுண்ட் ஒரு ஆளுக்கு, நிறுவனத்துக்கு இல்ல. பதறாதீங்க, புதுப் பேர் வாங்கிக்கோங்கன்னுதான் பொதுவா சொல்வாங்க. ஆங்கிலத்துல 2018லேர்ந்து புது அக்கவுண்ட் நாலு நாளும் பத்து தொகுப்பும் (எடிட்டும்) தாண்டாம நேரா கட்டுரை போட முடியாது, வரைவாத்தான் போடணும், ஆறு மாசம் யாரும் தொடலைன்னா வரைவும் போயிடும், கேட்டா திருப்பித் தருவாங்க.

இனி படங்கள். இதுல ஜனங்களுக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கு, "பயன்படாத படம் இடத்தை அடைக்குது, அதனால எடுக்கறாங்க"ன்னு. இல்ல. நீக்கின படம் சர்வர்லேர்ந்து உடனே அழிஞ்சு போறதில்ல, நம்ம கண்ணுக்கு மறையுது, நிர்வாகி நினைச்சா திரும்பக் கொண்டு வரலாம். அதனால நீக்கறதால சர்வர்ல ஒரு மெகாபைட் இடம்கூட மிச்சமாகாது. காரணம் வேற, அதுவும் படம் எங்க ஏத்தினீங்கங்கறதைப் பொறுத்து வேற வேற காரணம், உங்க கேள்வில அது ரெண்டும் கலந்து கிடக்கு.

லோகோவை நீங்க ஆங்கில விக்கிப்பீடியாலயே நேரா ஏத்தினீங்க, காப்பிரைட் உள்ள படம்னு குறிச்சு. அப்படிப்பட்ட படத்தை அங்க வெச்சுக்கறதுக்கு ஒரே நியாயம், "இந்தக் கட்டுரைல இந்தக் கம்பெனியை அடையாளம் காட்ட இது வேணும்"ங்கறதுதான். 2007ல விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு தீர்மானம் போட்டுச்சு, கட்டற்ற உரிமம் (யாரு வேணா எடுத்துக்கலாம்ங்கற அனுமதி) இல்லாத படத்தை ரொம்பக் கம்மியா, தேவைக்கு மட்டும்தான் வெச்சுக்கணும்னு. கட்டுரை போயிட்டா அந்த நியாயமும் போயிடுது. எந்தக் கட்டுரைலயும் இல்லாத இந்த மாதிரி படத்துக்கு ஏழு நாள் டைம் குடுத்து நீக்குவாங்க. இன்னொண்ணு, வரைவுலயும் யூசர் பக்கத்துலயும் இந்த வகைப் படத்தை வெக்கவே கூடாது, கட்டுரைல மட்டும்தான். நீங்க வரைவுல லோகோவைப் போட்டீங்க, ஒரு பாட் (தானா ஓடற புரோகிராம்) வந்து எடுத்துச்சு, எடுத்த உடனே அது பயன்படாத படம் ஆச்சு, ஏழாவது நாள் போச்சு. யாரும் உங்க மேல கோவமா பண்ணலை, கணக்குப்படி நடந்தது. கட்டுரை ஏத்துக்கிட்ட பிறகு லோகோவை ஏத்தறதுதான் சரியான வரிசை. தமிழ் விக்கிப்பீடியாலயும் லோகோவுக்கு இதே மாதிரி ஒரு வழி உண்டு.

மத்த போட்டோவையெல்லாம் விக்கிமீடியா பொதுவகத்துல (காமன்ஸ்) ஏத்தியிருக்கீங்க, எல்லா மொழி விக்கிப்பீடியாவும் எடுத்துக்கற பொது இடம் அது, 2004லேர்ந்து இருக்கு, இப்ப பத்து கோடி ஃபைலுக்கு மேல போயிடுச்சு. அங்க "பயன்படலை"ங்கறது மட்டுமே நீக்கக் காரணம் கிடையாது, இதை உறுதியாவே சொல்லலாம், எந்தக் கட்டுரைலயும் இல்லாத படம் அங்க கோடிக்கணக்குல இருக்கு. அங்க கேக்கற கேள்வி, இந்தப் படம் யாருக்காவது எதையாவது சொல்லித்தர உதவுமா? ஏதாவது கட்டுரைல பயன்பட்டுட்டு இருந்தா உதவுதுன்னு எடுத்துப்பாங்க, மேல கேள்வி கேக்க மாட்டாங்க. பயன்படலைன்னா படத்தையே பாத்து முடிவு பண்ணணும். அப்ப உங்க எம்.டி. மேஜைல பேனா பிடிச்சு உக்காந்திருக்கற போட்டோவுல யார் என்ன கத்துக்கறது? ரிசப்ஷன், ஆயுத பூஜை குரூப் போட்டோ, ஆஃபர் போஸ்டர், இதெல்லாம் கம்பெனியோட வெப்சைட்டுல இருக்க வேண்டியது. கட்டுரை இருந்தவரைக்கும் அதுங்களுக்கு ஒரு சாக்கு இருந்தது, கட்டுரை போன உடனே எல்லாம் தனியா நின்னுச்சு, "விளம்பரம்"னு மொத்தமா போச்சு.

அதுக்கு மேல உரிமைச் சிக்கல். எல்லா படத்துக்கும் "என் சொந்தப் படைப்பு"ன்னு டிக் போட்டிருக்கீங்க. பாக்கெட் போட்டோவை நீங்களே எடுத்திருந்தாலும் பாக்கெட் மேல இருக்கற டிசைன் டிசைனர் போட்டது, அதுக்குத் தனி உரிமை. ஃபாக்டரி போட்டோ நல்லா இருக்கு, ஆனா ஸ்டுடியோக்காரர் எடுத்தது. இந்திய காப்பிரைட் சட்டத்துல, காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேற ஒப்பந்தம் இல்லைன்னா எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர்னு இருக்கு, அதனால உங்க பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனா அங்க உக்காந்திருக்கற தன்னார்வலருக்கு அது எப்படித் தெரியும்? உரிமை உள்ளவங்க கம்பெனி மெயில் ஐடிலேர்ந்து அனுமதிக் கடிதம் அனுப்பணும், அதுக்குன்னு ஒரு குழு இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு நல்லா யோசிச்சுக்கோங்க, அங்க குடுக்கற உரிமம் யாரு வேணா, வியாபாரத்துக்குக்கூட, எடுத்துக்கலாம்ங்கற உரிமம். "வியாபாரத்துக்குக் கூடாது"ன்னு போட்டா ஏத்துக்க மாட்டாங்க, குடுத்துட்டு வாபஸ் வாங்கவும் முடியாது. நாளைக்கு உங்க போட்டிக் கம்பெனிக்காரர் நீங்க எடுத்த வறுத்த முந்திரி போட்டோவை, உங்க பேரைப் பொடியா கீழ போட்டுட்டு, அவர் பாக்கெட்டுலயே அச்சடிச்சா நீங்க கேஸ் போட முடியாது.

எனக்கு உறுதி இல்லாத, சந்தேகமா நினைக்கிற இடத்துக்கு வரேன். இந்த ஆதார விதி சின்ன ஊர் கம்பெனிங்களுக்கு ஓரவஞ்சனையாத்தான் இருக்கு. பெங்களூர்ல ரெண்டு வருஷ ஸ்டார்ட்அப்பைப் பத்தி இங்கிலீஷ் பேப்பர்ல நாலு பக்கம் வந்திடும், பண்ருட்டில நாப்பது வருஷமா கொட்டை உடைக்கிற யூனிட்டைப் பத்தி யாரும் எழுத வர்றதில்ல. அது விக்கிப்பீடியா உண்டாக்கினது இல்ல, பத்திரிகைங்க உண்டாக்கினது, ஆனா விக்கிப்பீடியா அதை அப்படியே சுமந்துக்குது. ஜி11 குத்தறதுலயும் சில பேருக்குக் கை கொஞ்சம் வேகம், ஆதாரம் இருக்கற கட்டுரைகூட நடை சரியில்லைங்கறதுக்காகப் போனதைப் பாத்திருக்கேன், ரெண்டு பத்தியா குறைச்சு வெச்சிருக்கலாம்னு தோணும். உங்க விஷயத்துல அப்படி நடந்ததான்னா, நீங்க குடுத்த பட்டியலை வெச்சுப் பாத்தா இல்லைன்னுதான் சொல்வேன். ஆனா பட்டியல் முழுசா இல்லாம இருக்கலாம். ஆதாரம் இணையத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்ல, இதை நிறைய பேர் தெரிஞ்சுக்கறதில்ல. 90கள்ல முந்திரித் தொழில் பத்தி ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிப் புத்தகத்துல உங்க யூனிட்டை எடுத்து ஆராய்ஞ்சிருக்கலாம், பழைய பத்திரிகைல ஒரு நீளக் கட்டுரை இருக்கலாம். இங்க புதுச்சேரில ரோமன் ரோலண்ட் நூலகம் 1827லேர்ந்து இருக்கு, கடலூர்லேர்ந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரம் சொச்சம், ஒரு நாள் உக்காந்து தேடுங்க. பேப்பர் பேரு, தேதி, பக்க எண் இருந்தாப் போதும், லிங்க் வேணாம்.

இவ்வளவு கஷ்டப்பட்டு பக்கம் வந்தா லாபம் என்னன்னும் யோசிங்க. வெப்சைட் லிங்க் குடுத்தா கூகுள்ல மேல வரும்னு யாராவது சொல்லியிருந்தா, 2007லேர்ந்தே ஆங்கில விக்கிப்பீடியா வெளி லிங்குங்களைத் தேடுபொறி கணக்குல எடுக்க வேணாம்னு குறிச்சுத்தான் வெக்குது. கூகுள்ல தேடினா வலதுபக்கம் கட்டத்துல கம்பெனி போட்டோ, போன் நம்பர் வரணும்னா கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் போதும், அது இலவசம். முக்கியமா, பக்கம் வந்துட்டா அது உங்களுது இல்ல. சிப்காட் பக்கம் காத்துல வீச்சம்னு எத்தனை வழக்கு, எத்தனை செய்தின்னு கடலூர்க்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேணாம். நாளைக்கு முந்திரி ஓட்டு எண்ணெய்ப் புகைக்காக உங்க யூனிட்டுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் விட்டு அது பேப்பர்ல வந்தா, அதே பக்கத்துல யாராவது சேப்பாங்க, ஆதாரத்தோட இருந்தா நீங்க எடுக்க முடியாது. சம்பளப் பிரச்சனை, கோர்ட் கேஸ் எதுவும் அப்படித்தான். நல்லதை மட்டும் வெச்சுக்கற பக்கம் வேணும்னா அதுக்கு உங்க சொந்த வெப்சைட் இருக்கு.

நீங்க எனக்குத் தெரிஞ்சவரா இருந்தா, கம்பெனிக் கட்டுரையை இப்போதைக்கு விட்டுட்டு இதைப் பண்ணுங்கன்னு சொல்வேன். முந்திரி பதப்படுத்தற தொழில் பத்தித் தமிழ்ல நல்லா எழுதினது ரொம்பக் கம்மி, அது உங்க வீட்டுக்குள்ள நடக்குது. பாய்லர்ல கொட்டையை வேக வெக்கறது, கட்டர்ல கால் மிதிச்சு உடைக்கிறது, போர்மாங்கற சூட்டு அறைல காய வெக்கறது, தோல் எடுக்கறது, அப்புறம் ரகம் பிரிக்கிறது. டபிள்யூ 240, டபிள்யூ 320ன்னா ஒரு பவுண்டுக்கு அதிகபட்சம் இத்தனை பருப்பு நிக்கும்ங்கற கணக்கு, நம்பர் ஏற ஏற பருப்பு பொடிசாகும், இது தினமும் மளிகைக் கடைல வாங்கறவங்களுக்கே தெரியாது. முந்திரி ஓட்டுலேர்ந்து வர்ற பால் பட்டு வெந்து போகாம இருக்க உடைக்கிற அம்மாங்க கைல எண்ணெயும் சாம்பலும் தடவிக்கறாங்களே, அந்தக் கைய நெருங்கி ஒரு படம், முகம் வேணாம், முகம் வந்தா அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. கம்பெனி போர்டு தெரியாம, பாக்கெட் தெரியாம எடுங்க. இந்த மாதிரி படம் பொதுவகத்துல யாரும் பயன்படுத்தாமக் கிடந்தாலும் நீக்க மாட்டாங்க. யூசர் பக்கத்துல மட்டும் "நான் முந்திரித் தொழில்ல இருக்கேன், இன்ன கம்பெனி"ன்னு ஒரு வரி எழுதி வெச்சிடுங்க.

ஏத்தும்போது மொபைல் குடுக்கற ஐ.எம்.ஜி. நம்பரையே பேரா விடாதீங்க, "பண்ருட்டி முந்திரி, போர்மாவில் உலர்த்தல்"னு என்ன படம்னு தெரியற மாதிரி பேர் வெச்சு, ஊரு, எடுத்த மாசம் எழுதி, முந்திரிப் பகுப்புல (கேட்டகரில) போடுங்க. கேமரால தேதி முத்திரை அடிக்கிற செட்டிங் ஆன்ல இருந்தா, எடுக்கறதுக்கு முன்னாடி அதை ஆஃப் பண்ணிடுங்க.